தனியா ஒரு ராத்திரி... கூடவே ஐநூறு பேர்!

எக்ஸாம் முடிஞ்சாச்சு. ஹாஸ்டல் மெத்தையைச் சுருட்டி மூலையில போட்டாச்சு. அடுத்து என்னங்க பிளான்? 'கேங்கா கோவா போறோம்'னு வாட்ஸ்அப்ல குரூப் ஆரம்பிச்சு, பதினாலு பேர்ல ஒவ்வொருத்தரா கழண்டுக்கிட்டு, கடைசியில அட்மின் மட்டும் ஒத்தை ஆளா நிக்கிற அதே பழைய கதைதானே? கவலையை விடுங்க. ஒத்தை ஆளா போறதுதான் இந்த வார மேட்டர். ஆனா கோவாவுக்கு இல்லை, செய்யாறு பக்கம். நாடகம் பார்க்க!

'நாடகமா?'ன்னு பக்கத்தைத் திருப்பிடாதீங்க பாஸ். லைவ் தியேட்டர்னா நமக்குத் தெரிஞ்சது கல்ச்சுரல்ஸ்ல பத்து நிமிஷ ஸ்கிட், இல்லேன்னா தாத்தாவோட சபா. ஆனா காஞ்சிபுரம், திருவண்ணாமலை, ராணிப்பேட்டை, விழுப்புரம் பக்கமெல்லாம் பங்குனியில ஆரம்பிச்சு ஆடி வரைக்கும் எங்கேயாவது ஒரு திரௌபதி அம்மன் கோயில்ல பாரத விழா நடந்துக்கிட்டே இருக்கும். பகல்ல பிரசங்கியார் வில்லிபாரதத்தைப் பாட்டும் கதையுமா சொல்வார். ராத்திரி அதே பாரதம் தெருக்கூத்தா இறங்கும். பத்து மணிக்கு மத்தளம் தட்டினா விடிஞ்சுதான் முடியும். இப்படிப் பத்து ராத்திரி, சில ஊர்கள்ல அதுக்கும் மேல. டிக்கெட் கிடையாது, இன்டர்வெல் கிடையாது, சீட் நம்பரும் கிடையாது. லாட்ஜ் செலவும் மிச்சம். ராத்திரி பூரா முழிச்சுக்கிட்டு இருக்கப் போறவங்களுக்கு லாட்ஜ் எதுக்கு?

சினிமா பார்ட்டிகளுக்கு ஒரு கொசுறு. பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம்னு நாம கை தட்டுற நடிகர்கள் பட்டை தீட்டிக்கிட்ட இடம் சென்னை கூத்துப்பட்டறை. அதை 1977-ல் ஆரம்பிச்ச ந.முத்துசாமி, செய்யாறு பக்கத்துப் புரிசை கிராமத்துக் கூத்தைப் பார்த்து அசந்துபோனவர். அப்போ நாமும் ஒரு தடவை அசந்து பார்த்தா என்ன?

எனக்கு இதுல சிக்கல் வேற. ராத்திரி முழுக்க, தெரியாத ஊர்ல, ஒரு பொண்ணு, தனியா. வீட்ல சொன்னதும் அம்மா கரண்டியைக் கீழே வெச்சுட்டாங்க. 'அண்ணனைக் கூட்டிட்டுப் போ.' அவனுக்கு மாட்ச். 'ஃப்ரெண்ட்ஸைக் கூட்டிட்டுப் போ.' எட்டு மணி நேரக் கூத்துன்னதும் ஃப்ரெண்ட்ஸ் எல்லாருக்கும் திடீர்னு தலைவலி. நாலு நாள் பேச்சுவார்த்தை நடந்துச்சு. லைவ் லொகேஷன் ஆன்ல இருக்கணும், பொம்பளைங்க பக்கத்துலதான் உட்காரணும், வெளிச்சத்தை விட்டு நகரக் கூடாது, விடிஞ்சதும் முதல் பஸ். அப்பா இதையெல்லாம் பேப்பர்ல எழுதி என்கிட்ட கையெழுத்து வாங்காத குறை! அண்ணன் இதே வயசுல பாண்டிச்சேரிக்குக் கிளம்பினப்போ அவர் கேட்ட ஒரே கேள்வி, 'பெட்ரோல் இருக்கா?' சரி, அதை விடுங்க.

எந்த ஊர்ல, என்னிக்குன்னு எப்படித் தெரியும்? நோட்டீஸ்தான். ஊரெல்லாம் சுவத்துல ஒட்டியிருப்பாங்க, இப்போ வாட்ஸ்அப்லயும் சுத்துது. வில் வளைப்பு, பகடை துகில், அர்ச்சுனன் தபசு, கீசகன் வதம், கிருஷ்ணன் தூது, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர்னு ராத்திரி வாரியா லிஸ்ட். பக்கத்துலயே ஆடுற குழு பேரு, உபயதாரர் பேரு. 2025 மே மாசம் நான் பிடிச்சது பகடை துகில். தாம்பரத்துல திருமால்பூர் லோக்கல் ட்ரெயினைப் பிடிச்சு காஞ்சிபுரம், அங்கிருந்து பஸ்ல செய்யாறு, அப்புறம் ஒரு டவுன் பஸ். அதுல எனக்கு ஜீரோ டிக்கெட். பூக்கூடை, காலி கேன், தூங்குற குழந்தைன்னு பஸ் முழுக்கப் பெண்கள். ஆளைப் பார்க்குறது பிடிக்கும்னா உங்க ஷோ இங்கேயே ஆரம்பிச்சாச்சு.

எட்டு மணிக்கே போயிடுங்க. ஏன்னா வேஷம் போடுறதைப் பார்க்கணும். பள்ளிக்கூட வராண்டாவுல வரிசையா உட்கார்ந்து, கைக்கண்ணாடியைப் பார்த்து அவங்கவங்க முகத்தை அவங்கவங்களே எழுதுறாங்க. கிரீடம், புஜத்துல மாட்டுறது, மார்புல கட்டுறது எல்லாம் மரக்கட்டை. மேலே கண்ணாடித் துண்டு, ஜிகினா. இதனாலதான் இதுக்குக் கட்டைக்கூத்துன்னும் பேர். 'அதுதான் சரியான பேரு'ன்னு அடிச்சுச் சொல்ற கலைஞர்கள் உண்டு. ஆடுறவங்க பெரும்பாலும் ஆண்கள். காஞ்சிபுரம் பக்கம் கட்டைக்கூத்துச் சங்கம் நடத்தின குருகுலத்துல பெண் பிள்ளைகளும் கத்துக்கிட்டு ஆடியிருக்காங்க. ஆனா நான் போன இடத்துல திரௌபதிக்கு நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். ஷேவ் பண்ணி, பவுடர் அடிச்சு, புடவைக் கொசுவத்தைச் செருகிக்கிட்டே போன்ல, 'சாப்ட்டியாம்மா? கதவைத் தாழ் போட்டுக்கோ'ன்னு மகள்கிட்ட பேசிட்டிருந்தார். வெச்சதும் என்னைப் பார்த்தார். "தனியாவா வந்த? சரி, முன்னாடி ஆயாங்க இருப்பாங்க. அவங்களாண்ட போய் உட்காரு."

அந்த 'ஆயாங்க பக்கம்' இருக்கே, அதுதான் இந்த தியேட்டரோட பாக்ஸ் சீட்! உர சாக்கு, பழைய புடவை, கோரைப்பாய்னு ஆறு மணிக்கே இடம் போட்டு வெச்சிருக்காங்க. நான் நின்னுக்கிட்டே இருந்ததைப் பார்த்து ஒரு ஆயா பாயை இழுத்து விட்டு, "எந்த ஊரு பாப்பா நீ? இன்னா படிக்கிற?"ன்னு கேட்டாங்க. அடுத்த அரை மணி நேரத்துல என் வீட்டு மொத்த ஹிஸ்டரியும் அவங்க கையில. கேங்கா போயிருந்தா இது நடந்திருக்காது. நாமளே வட்டமா உட்கார்ந்து, நாமளே ஜோக் அடிச்சு, நாமளே செல்ஃபி எடுத்துட்டு வந்திருப்போம். தனியா போனா ஊர் நம்மகிட்ட பேசும். அப்புறம் இன்னொண்ணும் இருக்கு. நாம ஊரைப் பார்க்கப் போறோம்னு நினைப்போம். ஊரே நம்மளைப் பார்க்கும்! ஓரமா பைக் மேல உட்கார்ந்திருந்த மூணு பேர் போனை என் பக்கம் திருப்பினாங்க. நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள ஆயா எழுந்து நின்னு அவங்க அப்பன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க. பைக் காலி.

பத்தரைக்கு ஆட்டம். ஹார்மோனியம், மத்தளம், தாளம், கூடவே முகவீணை. பேரைக் கேட்டு வீணைன்னு நினைச்சுடாதீங்க, அது ஊதுறது. சின்ன நாதஸ்வரம் மாதிரி இருந்துக்கிட்டு ஊரையே எழுப்புற சத்தம். நடுவுல மேலேயிருந்து தொங்குறது ஒரே ஒரு மைக். இசிஇ ஸ்டூடன்ட் கண்ணுக்கு அது பயங்கர அநியாயம். ஆனா மைக்கை விட்டு பத்தடி தள்ளி, சுத்திக்கிட்டே பாடுறவங்க குரலும் கடைசி வரிசை வரைக்கும் போச்சு. பெரிய வேஷம் வரும்போது ரெண்டு பேர் ஒரு துணியைத் திரையா பிடிக்கிறாங்க. துரியோதனன் அதுக்குப் பின்னாடி நின்னு பாடுறார், சலங்கை மட்டும் கேட்குது, கிரீடத்தோட நுனி மட்டும் தெரியுது. இழுத்து, இழுத்து, அப்புறம்தான் முகம். நம்ம ஹீரோ இன்ட்ரோ எல்லாம் எங்கேயிருந்து வந்திருக்கும்னு நினைக்கிறீங்க?

காமெடிக்குக் கட்டியக்காரன். அஸ்தினாபுரத்துல ஆரம்பிச்சு ரேஷன் கடைக்கு வந்து, திரும்ப அஸ்தினாபுரத்துக்கே போயிடுவார். அன்பளிப்பு கொடுத்தா மைக்ல பேர் சொல்வாங்க. நானும் நூறு ரூபாய் கொடுத்தேன். "சென்னையிலேர்ந்து வந்திருக்கிற இன்ஜினீயர் பாப்பா நூறு ரூபாய்!" கைதட்டல். அடுத்த வரி: "இன்ஜினீயருக்கு நூறு ரூபாய் பெரிய தொகை சாமி, திருப்பிக் கொடுத்துடலாமா?" ஐநூறு பேர் சிரிச்சாங்க. கேம்பஸ் இன்டர்வியூ நிலவரம் செய்யாறு வரைக்கும் தெரிஞ்சிருக்கு!

பொய் சொல்ல மாட்டேன். ஒரு மணியிலேர்ந்து ரெண்டரை வரைக்கும் போர்தான். பசங்க எல்லாம் சுருண்டாச்சு. தாளக்காரர் கொட்டாவி விட்டுக்கிட்டே தாளம் தப்பாம தட்டுறார். அப்போ கூட்டத்தைப் பாருங்க. டீக்கடை பாய்லர் முன்னாடி பீமன் கிளாஸோட நிக்கிறார், கிரீடத்தோட. ஒரு அப்பா தூங்குற பொண்ணைத் தோள்ல போட்டுக்கிட்டு, பாட்டுக்கு உதட்டை அசைச்சுக்கிட்டே இருக்கார். முழுப் பாட்டும் அவருக்குத் தெரியுது.

ரெண்டே முக்கால் இருக்கும். யாரும் எழுப்பல, அலாரம் அடிக்கல, ஆனா பாய் முழுக்கப் பெண்கள் எழுந்து உட்கார்ந்தாங்க. தூங்கின பிள்ளைகளை மடியிலேர்ந்து இறக்கி வெச்சாங்க. பகடையில தருமர் எல்லாத்தையும் தோத்தாச்சு. திரௌபதியைச் சபைக்கு இழுத்துட்டு வர்றாங்க. போன்ல 'கதவைத் தாழ் போட்டுக்கோ'ன்னு சொன்ன அதே மனுஷர்னு எனக்கு நினைப்பே இல்லை. கூந்தல் விரிஞ்சு கிடக்க அவள் கேட்கிறாள்: தன்னையே முதல்ல தோத்துட்டவர், அப்புறம் என்னை எப்படிப் பணயமா வைக்க முடியும்? சபையில பெரியவங்க எல்லாம் இருக்கீங்களே, யாராவது பதில் சொல்லுங்க! ஒருத்தரும் வாயைத் திறக்கல. அவள் அந்தக் கேள்வியை பீஷ்மர்கிட்ட கேட்கல. எங்க பக்கம் திரும்பிக் கேட்டாள். ஆயா மெதுவா, "கேட்டா பாரு"ன்னாங்க.

அடுத்து நடந்ததுதான் எனக்கு இன்னும் தொண்டையில நிக்குது. அவ்வளவு நேரமா கர்ஜிச்ச துச்சாதனன், புடவையைத் தொடுறதுக்கு முன்னாடி சட்டுனு நின்னார். கற்பூரம் ஏத்தினாங்க. வேஷத்தை விட்டு வெளியே வந்து, கையைக் கூப்பி, 'தாயே, நான் உன் பிள்ளை, வயித்துப் பொழைப்புக்கு ஆடுறவன், மன்னிச்சுக்கோ'ங்கிற மாதிரி வேண்டிக்கிட்டார். குரல் நடுங்குச்சு. அப்புறம் திரும்ப துச்சாதனனா மாறி முந்தானையைப் பிடிச்சார். கூட்டத்துல ரெண்டு அம்மாவுக்கு சாமி வந்துடுச்சு. நடிப்புன்னு எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும் ஒரு பொண்ணோட புடவை மேல கை வைக்க அவருக்கு முன்ஜாமீன் தேவைப்படுது. காலேஜ் வாசல்லயும் பஸ்லயும் எந்த ஜாமீனும் இல்லாம கை நீள்றதைப் பார்த்தவங்க நாம. எனக்கு அந்த இடத்துல அழுகையா கோபமான்னே தெரியல.

துரியோதனன் ரத்தத்தைப் பூசாம கூந்தலை முடிய மாட்டேன்னு திரௌபதி சபதம் போட்டு முடிக்கிறப்போ கிழக்கே வெளுக்குது. என் பக்கத்துல ஒரு அக்கா, கைக்குழந்தையோட. ராத்திரி முழுக்க ஒரு வார்த்தை பேசல. பாயைச் சுருட்டும்போதுதான் கேட்டாங்க: "உங்க வீட்ல விட்டாங்களா?" நாலு நாள் சண்டைக் கதையைச் சொன்னேன். சிரிச்சாங்க. ப்ளஸ் டூவுல நல்ல மார்க்காம், அடுத்த மாசமே கல்யாணமாம். வயசு இருபத்தொண்ணு. என்னைவிட ஒரே ஒரு வருஷம் பெரியவங்க. "சினிமாவுக்குக் கூட விட மாட்டாங்க. இந்தப் பத்து ராத்திரி மட்டும் யாரும் எதுவும் கேட்க மாட்டாங்க. சாமி காரியமாச்சே! அதனால ஒரு ராத்திரியும் விட மாட்டேன். தூங்கவும் மாட்டேன்."

ஆறு நாள் கழிச்சு, ஞாயித்துக்கிழமை, திரும்பவும் போனேன். படுகளம். இது பட்டப்பகல் ஷோ. மைதானத்துல ஒரு பஸ் நீளத்துக்கு மண்ணால துரியோதனன் மல்லாந்து படுத்திருக்கார். அந்த மண் உடம்பைச் சுத்தி நிஜ வேஷக்காரங்க ரெண்டு பேர் துரத்தி ஓடி, கடைசியில பீமன் தொடையில ஓங்கி அடிக்க, உள்ளே வெச்சிருந்த சிவப்புத் தண்ணி பீறிட்டுச்சு. திரௌபதிக்குக் கூந்தல் முடிஞ்சாங்க. சாயங்காலம் தீமிதி. இந்தத் தடவை எண்ணவே முடியாத கூட்டம். அந்த அக்காவைத் தேடினேன். கணவர், மாமியார்னு குடும்பத்தோட தூரத்துல நின்னாங்க. என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கல. கூட்டம் கலைஞ்சு எல்லாரும் துரியோதனன் உடம்புலேர்ந்து வீட்டுக்கு மண் எடுத்துக்கிட்டிருந்தப்போ, பக்கத்துல வந்து ஒரு பிடியை என் கையில வெச்சுட்டு, "நெல்லுல போட்டு வைங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.

கிளம்புறவங்களுக்கு: ஒரு பெட்ஷீட், தண்ணி பாட்டில், சார்ஜ் உள்ள போன், பத்து ரூபாய் நோட்டா கொஞ்சம் சில்லறை. பொண்ணுங்க ஆயாங்க பக்கம் உட்காருங்க. பசங்க தயவுசெஞ்சு பைக்கை விட்டு இறங்கித் தரையில உட்காருங்க. போட்டோ எடுக்கிறதா இருந்தா, யாரை எடுக்கிறீங்களோ அவங்களைக் கேட்டுட்டு எடுங்க. நோட்டீஸ் கிடைச்சதும் பகடை துகில் எந்த ராத்திரின்னு முதல்ல பாருங்க. ஆடி வரைக்கும் டைம் இருக்கு.