அப்டேட் ஆனதும் பிரவுசர் ‘ஹேங்’ ஆகிறதா? பழைய வெர்ஷனுக்குத் திரும்பும் முன் இதைப் படிங்க!

காலை 10 மணிக்கு மீட்டிங். லேப்டாப்பைத் திறந்தால் பிரவுசர் அசையவே இல்லை. கர்சர் சுற்றிக்கொண்டே இருக்கிறது. டேபை மூடக்கூட முடியவில்லை. பக்கத்து சீட்டிலிருந்து உடனே தீர்ப்பு வரும்: “நேத்து நைட் செக்யூரிட்டி அப்டேட் வந்துச்சுல்ல, அதான். பழைய வெர்ஷனைப் போட்டுட்டு ஆட்டோ அப்டேட்டை ஆஃப் பண்ணிடு!”

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால், அப்டேட்தான் காரணம் என்பது பல நேரங்களில் தவறான கணிப்பு. அப்டேட்டை நிறுத்துவதோ ஆபத்து.

ஃபயர்பாக்ஸ் நின்ற அந்த இரண்டு மணி நேரம்

ஃபயர்பாக்ஸின் 96-வது பதிப்பு 2022 ஜனவரி 11 அன்று வெளியானது. இரண்டே நாளில், ஜனவரி 13 அன்று, உலகம் முழுக்க ஃபயர்பாக்ஸ் முடங்கியது. எந்தத் தளமும் திறக்கவில்லை. மூடித் திறந்தாலும் அதே கதை. புது அப்டேட் மீது சந்தேகம் எழாமல் இருக்குமா?

ஆனால், மோசில்லா பின்னர் வெளியிட்ட விளக்கம் வேறு. பிரவுசர் எப்படி இயங்குகிறது என்ற தகவல்கள் போய்ச் சேரும் சர்வர்கள் கூகுள் கிளவுட் சேவையில் இருந்தன. அங்கே ‘எச்டிடிபி/3’ என்ற புதிய இணைய நெறிமுறை இயக்கப்பட்டது. அதைக் கையாளும் ஃபயர்பாக்ஸ் கோடில் ஏற்கெனவே ஒரு பிழை ஒளிந்திருந்தது. ‘கன்டென்ட்-லெங்த்’ என்ற சொல் ஆங்கிலப் பெரிய எழுத்தில் வருமா, சிறிய எழுத்தில் வருமா என்ற குழப்பம்தான் அது! அந்தச் சொல்லைக் கண்டுபிடிக்க முடியாமல், முடிவே இல்லாத சுழற்சியில் பிரவுசர் சிக்கிக்கொண்டது.

டிக்கெட் கவுன்ட்டர் ஒன்றுதான் இருக்கிறது. முதலில் நிற்பவர் நகரவில்லை என்றால் மொத்த வரிசையும் நிற்கும் அல்லவா? அப்படித்தான் மற்ற எல்லா இணையக் கோரிக்கைகளும் நின்றன. சர்வர் பக்க மாற்றத்தைத் திரும்பப் பெற்றதும், ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் நிலைமை சீரானது. கோடில் இருந்த பிழை 96.0.1 பதிப்பில் சரிசெய்யப்பட்டது.

அப்போ, அப்டேட் மீது தப்பே இல்லையா?

இருக்கவும் செய்யலாம். 2018-ல் விண்டோஸ் 10 ஏப்ரல் அப்டேட்டுக்குப் பிறகு, குரோம் பயன்படுத்தும்போது சில கணினிகள் உறைவதாக மைக்ரோசாஃப்டே ஒப்புக்கொண்டது. மே 8-ம் தேதி வந்த அடுத்த அப்டேட்டில் அது சரியானது.

2021 மார்ச்சில் ஆண்ட்ராய்டு போன்களில் ஜிமெயில் உள்ளிட்ட ஆப்கள் திறந்ததுமே மூடின. ஆப்களுக்குள் இணையப் பக்கங்களைக் காட்டும் ‘வெப்வியூ’ பகுதியில் சிக்கல். அதற்கும் தீர்வு, வெப்வியூவையும் குரோமையும் பிளே ஸ்டோரில் அப்டேட் செய்வதாகவே இருந்தது.

பின்னால் போனால் என்ன ஆபத்து?

குரோமின் அடிப்படையான குரோமியம், திறந்த மூல மென்பொருள். ஓட்டையை அடைக்கும் மாற்றம் எல்லோர் கண்ணிலும் படும், ஹேக்கர்கள் கண்ணிலும்தான். அடைத்த இடத்தைப் பார்த்தே, ஓட்டை எங்கே இருந்தது என்று அவர்கள் ஊகித்துவிடுவார்கள். அதனால்தான் 2023 ஆகஸ்டில் வெளியான 116-வது பதிப்பு முதல் வாரந்தோறும் பாதுகாப்பு அப்டேட் தருகிறது குரோம். அதை நிறுத்தி வைத்தால், பூட்டு உடைந்தது ஊருக்கே தெரிந்த வீட்டில் குடியிருப்பது போலத்தான். நெட் பேங்கிங்கும் ஆபீஸ் லாகினும் அதே பிரவுசரில்தானே இருக்கின்றன?

என்ன செய்யலாம்?

* முதலில் பிரவுசரை முழுமையாக மூடி, கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். பாதியில் நிற்கும் அப்டேட் இதிலேயே முடிந்துவிடக்கூடும்.

* இன்காக்னிட்டோவில் திறந்து பாருங்கள். வழக்கமாக அங்கே எக்ஸ்டென்ஷன்கள் இயங்காது. ஃபயர்பாக்ஸில் இதற்கு ‘டிரபிள்ஷூட் மோட்’ உண்டு. அங்கே நன்றாக ஓடினால், எக்ஸ்டென்ஷன்களை ஆஃப் செய்துவிட்டு ஒவ்வொன்றாக ஆன் செய்யுங்கள். குற்றவாளி சிக்கிவிடும்.

* விண்டோஸ் குரோமில் ஷிஃப்ட், எஸ்கேப் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் எந்த டேப் மெமரியை விழுங்குகிறது என்று தெரியும்.

* வீடியோ, ஸ்க்ரோலிங் நேரத்தில் மட்டும் உறைகிறதா? செட்டிங்ஸில் கிராஃபிக்ஸ் ஆக்ஸிலரேஷனை ஆஃப் செய்து பாருங்கள்.

* அப்போதும் சரியாகவில்லை என்றால் புதிய புரொஃபைல் ஒன்றை உருவாக்கிப் பாருங்கள். பழைய புரொஃபைலை அழிக்க வேண்டாம். புக்மார்க், பாஸ்வேர்டு எல்லாம் அதில்தான் இருக்கும்.

* போனில் ‘க்ளியர் கேஷ்’ போதும். அவசரத்தில் ‘க்ளியர் டேட்டா’வை அழுத்தினால் லாகின் விவரங்களும் போய்விடும்.

எதுவுமே பலிக்கவில்லையா? ஊரில் எல்லோருக்கும் இதே பிரச்சினையா என்று விசாரியுங்கள். அப்படியென்றால் கோளாறு உங்கள் கணினியில் இல்லை. அன்றைய வேலைக்கு வேறொரு பிரவுசரைப் பயன்படுத்துங்கள். ஆட்டோ அப்டேட் மட்டும் ஆனிலேயே இருக்கட்டும். சரிசெய்த பதிப்பும் அந்த வழியாகத்தான் வர வேண்டும்.