உதவிக்குத் திரும்பிய கப்பல்கள்

எதற்கும் அஞ்சாதவனை, எவர் பிடியிலும் சிக்காதவனை 'எம்டன்' என்று சொல்வது நம் பேச்சில் ஊறிப்போன வழக்கம். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசி, எண்ணெய்த் தொட்டிகளை எரியவிட்ட ஜெர்மானியப் போர்க்கப்பலின் பெயர் அது. அதே நாள் காலையில், அதே கடற்படையைச் சேர்ந்த யூ-9 என்னும் சிறு நீர்மூழ்கிக் கப்பல் ஐரோப்பாவின் வட கடலில் செய்த காரியத்தை நம்மில் பலர் அறியார்.

யூ-9 அன்றைய கணக்கிலேயே பழைய கப்பல். கடலின் மேல் செல்லும்போது மண்ணெண்ணெயில் இயங்கும். எழும் புகை தொலைவிலிருந்தே காட்டிக் கொடுத்துவிடும். நீருக்குள் சென்றால் மின்கல விசைதான். அதனுள் இருந்தோர் முப்பது பேருக்கும் குறைவு. தலைவர் ஓட்டோ வெட்டிகன், வயது 32, மணமுடித்துச் சில வாரங்களே ஆகியிருந்தன.

ஹாலந்துக் கரைக்கு அப்பால் அபுக்கிர், ஹோக், கிரெஸ்ஸி என்னும் மூன்று பிரிட்டிஷ் க்ரூஸர்கள் காவல் சுற்றி வந்தன. ஒவ்வொன்றும் 12,000 டன். துணைக்கு வரவேண்டிய சிறு கப்பல்கள் புயலால் விலகியிருந்தன. காலை ஆறரை மணியளவில் வெட்டிகன் ஏவிய டார்பிடோ அபுக்கிரைத் தாக்கியது. கண்ணிவெடியில் மோதிவிட்டோம் என்றே அதன் தலைவர் எண்ணினார். மற்ற இரண்டையும் அருகே அழைத்தார்.

இந்த இடத்தில்தான் மனம் தடுமாறுகிறது. ஹோக்கின் தலைவர் இது நீர்மூழ்கியின் வேலை என்று ஊகித்துவிட்டார். பெரிஸ்கோப் தெரிகிறதா பாருங்கள் என்று கிரெஸ்ஸிக்குச் சைகையும் அனுப்பினார். ஆயினும் தண்ணீரில் தத்தளிப்போரை விட்டு அகலவில்லை. படகுகளை இறக்கினார், மிதக்கக்கூடியவற்றையெல்லாம் கடலில் வீசச் செய்தார். நின்ற கப்பல் எளிய இலக்கானது. அதுவும் மூழ்கியது. கிரெஸ்ஸி நீர்மூழ்கியை மோதி அழிக்க முயன்று, முடியாமல், மீண்டும் மீட்பு வேலைக்கே திரும்பிற்று. அதற்கும் அதே கதி. ஒன்றரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது.

மாண்டோர் 1,459 பேர். குடும்பஸ்தர்களான நடுவயதுச் சேமப்படையினர் பலர்; கடற்படைப் பள்ளியின் பதினைந்து வயதுச் சிறுவர்களும் இருந்தனர். அவர்களுள் ஒருவன் அபுக்கிரிலிருந்து ஹோக்குக்கும், ஹோக்கிலிருந்து கிரெஸ்ஸிக்கும் நீந்தி, மூன்றும் மூழ்கிய பின்னும் ஒரு மரத்துண்டைப் பற்றிக்கொண்டு உயிர் பிழைத்தான். 837 பேரைக் கரை சேர்த்தவை, போரில் கலவாத ஹாலந்தின் நீராவிக் கப்பல்களும் ஆங்கில மீன்பிடிப் படகுகளும் பிற கப்பல்களுமே.

ஜெர்மனியில் கொண்டாட்டம். எம்டனுக்குக் கிடைத்த இரும்புச் சிலுவை விருது யூ-9க்கும் கிடைத்தது. லண்டனிலோ, ஆபத்துள்ள கடலில் பெரிய கப்பல்கள் மீட்புக்காக நிற்கலாகாது என்று ஆணை பிறந்தது. அதைக் கொடுமை என்று சொல்லிவிட நமக்கு வாய் வரலாம். அந்தக் காலை மணித்துளிகளை எண்ணிப் பார்த்தால் அவ்வளவு எளிதாக வரவில்லை.

அக்டோபர் 15இல் யூ-9, ஹாக் என்னும் மற்றொரு பிரிட்டிஷ் க்ரூஸரையும் மூழ்கடித்தது. பின்னர் வெட்டிகன் யூ-29க்கு மாறினார். 1915 மார்ச் 18இல் டிரெட்நாட் என்னும் பெரும் போர்க்கப்பல் அதன் மீது ஏறி மோதியது, ஒருவரும் தப்பவில்லை. யூ-9 மட்டும் போர் முடியும்வரை நிலைத்து, 1918 நவம்பரில் பிரிட்டனிடம் சரணடைந்து, மறு ஆண்டில் உடைக்கப்பட்டது. கடலடியில் கிடந்த அந்த மூன்று க்ரூஸர்களின் இரும்பை எடுக்கும் உரிமையை, 1954இல் பிரிட்டிஷ் அரசு ஒரு ஜெர்மானிய நிறுவனத்திற்கே விற்றது.