அடுப்பைக் கொடுப்பதற்கு முன்னால்



போன பொங்கல் சமயத்தில் ஒரு படம் போட்டிருந்தேன், நினைவிருக்கலாம். எங்கள் வீட்டுப் பழைய கேஸ் அடுப்பை, வேலைக்கு வரும் அக்காவிடம் கொடுக்கும் படம். "டீச்சருக்கு மனசு தங்கம்" என்றெல்லாம் எழுதியிருந்தீர்கள். அந்தப் படத்தை நேற்று எடுத்துவிட்டேன். ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். வகுப்பில் நாற்பது நிமிடம் உட்கார்ந்தவர்கள்தானே, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடுப்பின் ஒரு குமிழ் இறுகிவிட்டது என்று அந்த அக்கா அதை ரிப்பேருக்குக் கொண்டு போயிருக்கிறார். வடசேரியில் பழைய அடுப்புகளை வாங்கிச் சரிசெய்து விற்கும் பையன் அவன். பையன் என்ன, நாற்பது வயது இருக்கும். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். அன்று சாயங்காலமே போன் செய்தான்.

"டீச்சரே, இந்த அடுப்ப நீங்கதான் குடுத்தியளா?"

"ஆமா மக்கா, ஏன்?"

"டியூபையும் சேத்துக் கொண்டு வரச் சொன்னேன். வெடிச்சுக் கெடக்கு. வெடிப்புல டேப்பு சுத்தியிருக்கு. யாரு சுத்துனா?"

சுற்றியது நான்தான். என்றைக்கோ லேசாகக் கீறல் விட்டதைப் பார்த்து, புது டியூப் வாங்கும்வரை இருக்கட்டும் என்று சுற்றினேன். பிறகு புது அடுப்பு வந்துவிட்டது, மறந்துபோனேன்.

அந்த அக்கா வீடு ஒற்றை அறை. சமைப்பதும் அங்கேதான், படுப்பதும் அங்கேதான், அவர் மகள் ப்ளஸ் டூவுக்குப் படிப்பதும் அங்கேதான். நான்கு நாட்களாக ராத்திரியில் ஒரு மணம் வந்திருக்கிறது. "கேஸுன்னா மணக்கத்தானே செய்யும்" என்று இருந்திருக்கிறார்கள். கேஸுக்கு இயல்பில் மணமே கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்றுதான் மெர்காப்டான் என்ற வேதிப்பொருளைச் சேர்க்கிறார்கள். அது காற்றைவிடக் கனமானது; மேலே போகாமல் தரையோடு தங்கும். அதாவது பாய் விரித்துப் படுத்திருக்கும் உயரத்தில். இதையெல்லாம் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிப்போட்டவள் நான். ராத்திரி சிலிண்டரை மூடும் பழக்கம் அந்த அக்காவுக்கு இருந்ததால் தப்பினார்கள்.

மறுநாள் அவன் கடைக்குப் போனேன். ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். நாம் எல்லோரும் ஒருமுறை பார்க்க வேண்டிய வேலை அது.

ஆக்கர் கடையில் எடைக்குக் கிடக்கும் அடுப்புகளில் உருப்படியானதைப் பொறுக்கி வருகிறான். முதலில் பர்னரைக் கையில் எடுத்துக் கனம் பார்க்கிறான். பழைய கனமான பித்தளை பர்னர் என்றால் முகம் மலர்கிறது. அடியில் ஐ.எஸ்.ஐ. முத்திரை தேடுகிறான், வீட்டு கேஸ் அடுப்புக்கான தர எண் ஐ.எஸ். 4246. அடுப்பின் வெப்பத் திறன் 68 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது அந்தத் தரம். பிறகு எல்லாவற்றையும் கழற்றி, பர்னரின் ஒவ்வொரு துளையையும் திறந்து, குமிழுக்குப் பின்னால் இருக்கும் வால்வைப் பிரித்துத் துடைக்கிறான். உள்ளே இருக்கும் கிரீஸ் காய்ந்துபோனால்தான் குமிழ் இறுகும். நாம் பல்லைக் கடித்துக்கொண்டு திருகுவோம், அதில் வால்வு தேய்ந்து கசியும். சூடு தாங்கும் கிரீஸ்தான் போட வேண்டுமாம்.

ஜெட் என்று ஒன்று இருக்கிறது. கேஸ் பீறிட்டு வரும் ஊசித்துளை. அது அடைத்தால் புதியதுதான் போட வேண்டும். சிலர் ஊசியை விட்டுக் குடைவார்கள். துளை பெரிதாகி, கேஸ் அதிகம் வரும், அதற்கேற்ற காற்று சேராது. தீ மஞ்சளாக எரியும், பாத்திரம் கரி பிடிக்கும், சிலிண்டர் சீக்கிரம் தீரும். "தீ நல்லா வருதுன்னு சனங்க சந்தோசமா வாங்கிட்டுப் போவாங்க டீச்சரே" என்றான். கடைசியில் எல்லா இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று பார்த்த பிறகே தீக்குச்சி கிழிக்கிறான்.

2006-11 ஆட்சியில் அரசு இலவசமாகக் கொடுத்த அடுப்பு ஒன்று அங்கே கிடந்தது. விறகை ஊதி ஊதிக் கண்ணெரிந்த எத்தனை பெண்களுக்கு அது விடுதலை! சட்டம் துருப்பிடித்துவிட்டது, ஆனால் பர்னர் எரிகிறது.

கண்ணாடி மேற்தட்டு அடுப்பைப் பழசில் வாங்கவே வேண்டாம் என்கிறான். வலுவூட்டிய கண்ணாடி ஓரத்தில் சின்னக் கொத்து வாங்கியிருந்தாலும் ஒருநாள் மொத்தமாகச் சிதறும். அப்படி வந்த அடுப்பில் பர்னரை மட்டும் எடுத்துக்கொள்கிறான்.

இனி என் கருத்து. மாறுபட்டால் எழுதுங்கள்.

"ஆன்லைனில் புதுசே மலிவாக வரும்போது பழசை யார் வாங்குவார்கள்?" என்று என் தம்பி மகன் கேட்டான். வாடகை வீட்டில் புதுக்குடித்தனம் போகிறவர்கள், கட்டட வேலைக்கு வடக்கிலிருந்து வந்திருப்பவர்கள், விடுதியை விட்டு வெளியே தங்கிப் படிக்கும் பிள்ளைகள் வாங்குகிறார்கள். மெல்லிய தகட்டுப் புது அடுப்பைவிட ஒழுங்காகச் சரிசெய்த பழைய பித்தளை பர்னர் அடுப்பு மேல் என்பேன். ஆனால் "ஒழுங்காக" என்ற சொல்லுக்கு விலை உண்டு. அவன் 1,200 ரூபாய் சொன்னால் நாம் 800-க்குக் கேட்கிறோம். குறைக்கும் 400 ரூபாய் எங்கிருந்து போகும்? பெயிண்டில் போகாது, அது கண்ணுக்குத் தெரியும். ஜெட்டிலும் வால்விலும்தான் போகும்.

அமெரிக்காவில் இருக்கும் மாணவன் ஒருவன் சொன்னான்: அங்கே முற்றத்தில் வைத்து இறைச்சி சுடும் கேஸ் கிரில்களைப் பழசாக வாங்கி, பர்னர் மாற்றி விற்பவர்கள் உண்டாம், அவனும் வார இறுதியில் செய்கிறானாம். அதைப் படம் போட்டால் இங்கே எல்லோரும் பாராட்டுகிறீர்கள். அதே வேலையை வடசேரியில் செய்பவனை "ஆக்கர்காரன்" என்கிறீர்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் இதைச் சொல்லியே இரண்டு வீட்டில் மறுத்தார்களாம். எனக்கு இது பிடிக்கவில்லை.

அவனையும் நான் விடவில்லை. என்னென்ன மாற்றினாய், எந்தத் தேதியில் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அடுப்போடு கொடு என்றேன். "எழுத்து நல்லா இருக்காது டீச்சரே" என்றான். எனக்குத் தெரியாதா? ஆனாலும் எழுதத்தான் வேண்டும். சீட்டு கேட்டு வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள்.

ஊருக்கு வந்து அப்பா அம்மா இருந்த வீட்டை ஒழித்துக் கொடுக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று. அடுப்பை யாருக்காவது கொடுத்துவிடுவோம் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். கொடுங்கள், ஆனால் டியூபைச் சேர்த்துக் கொடுக்காதீர்கள். அதை வெட்டிப் போட்டுவிட்டு, கம்பிவலை வைத்த ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூப் புதிதாக வாங்கிக் கொடுங்கள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அதையும் மாற்ற வேண்டும். ஒரு கிலோ நெய்மீன் விலைகூட வராது. சிலிண்டரும் ரெகுலேட்டரும் கேஸ் கம்பெனிக்குச் சொந்தம். அவற்றைத் தூக்கிக் கொடுக்கவோ விற்கவோ கூடாது, ஏஜென்சியில் ஒப்படைத்து டெபாசிட்டைத் திரும்ப வாங்குங்கள். கசிவு என்று தோன்றினால் அழைக்க வேண்டிய எண் 1906. சுவிட்சைத் தொடாமல் கதவைத் திறந்துவிட்டு, வெளியே போய் அழையுங்கள்.

அந்த அக்காவுக்குப் புது டியூப் போட்டு, வால்வு இரண்டையும் மாற்றிக் கொடுத்தாயிற்று. காசு நான்தான் கொடுத்தேன். "எதுக்கு டீச்சர், நீங்கதான் அடுப்பே தந்தியளே" என்றார். டேப் விஷயத்தை அவரிடம் அப்போதுதான் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, காபி போட உள்ளே போனார்.

கடை எங்கே என்று கேட்பவர்கள் இன்பாக்ஸுக்கு வாருங்கள். இங்கே போட வேண்டாம் என்றிருக்கிறான். கூட்டம் கூடினால் வேலை கெட்டுவிடுமாம்.