சைலன்சரை மாத்தினால் விட்ஸ் பறக்குமா?

நாங்களும் ஆசைப்பட்டனாங்கள்தான். ஆனா அப்பாவின்ர 1000 சிசி விட்ஸுக்கு வேற சைலன்சர் பூட்டினால் அது ரேஸ் கார் ஆகாது மச்சான். எஞ்சின் அதேதான். பின் டப்பாவை மட்டும் மாத்தினால் கூடுறது சத்தம். வலு கூடுறது பேருக்குத்தான். கற்றலிற்றிக் கொன்வேட்டரையும் கழட்டினால் கார்பன் மொனொக்சைட் அப்படியே தெருவுக்கு வரும்.

10 டெசிபெல் கூடினால் ஒலியின் ஆற்றல் 10 மடங்கு. இரவு ஒழுங்கைக்குள்ள 'பட் பட்' எண்டு வெடிக்கேக்க திடுக்கிட்டு எழும்புறது ஆர்? செல்லடிக்குப் பயந்து பங்கருக்குள்ள ஓடின எங்கட அம்மம்மாக்கள். அவையின்ர நித்திரையைக் குழப்பித்தான் நாங்கள் கெத்துக் காட்டவேணுமா?

காசு கையில கடிச்சால் பிரேக்கையும் ரயரையும் மாத்துவம். வீட்டுச் சனம் முழுக்க ஏறுற கார் அது.