அறுவைக்கு முன் எத்தனை வாரம்?

திருவனந்தபுரத்தில் கோட்டைப் பகுதியை அடுத்துள்ள ஸ்ரீவராகத்தில் வசிக்கும் முதியவர் ஒருவரை உதாரணமாகக் கொள்வோம். அவருக்கு வயது 68. பல ஆண்டுகளாக நீரிழிவும் உண்டு. குடலிறக்கத்திற்காக அறுவைச் சிகிச்சை செய்வதென்று நாள் குறித்தாகிவிட்டது. அந்நாளுக்குப் பத்து நாள் முன்னர் அவருக்குக் காய்ச்சலும் இருமலும் காண்கின்றன. சோதித்ததில் கொரோனாத் தொற்று என்று தெரிகிறது. நான்கே நாளில் காய்ச்சல் விட்டுவிடுகிறது. குறித்த நாளில் அறுவைக்குச் செல்லலாமா? பொறுப்பதாயின் எத்தனை வாரம் பொறுப்பது? ஏழு வாரம் என்கிறார் ஒருவர். இரண்டு வாரம் போதும் என்கிறார் மற்றொருவர். காய்ச்சல் விட்ட பின் தடை என்ன என்று கேட்கின்றனர் வீட்டார்.

இக்கேள்விக்கு எல்லோருக்கும் பொருந்தும் ஓர் எண்ணை விடையாகக் கூறிவிடுவது எளிது. அலுவலக நடைமுறைக்கும் அது வசதியானது. ஆயினும், விஞ்ஞானம் இதுகாறும் கண்டறிந்துள்ள உண்மைகளைச் சேர்த்து நோக்கினால், அவ்வாறு ஓர் எண்ணை மட்டும் பற்றிக்கொள்வது நோயாளிக்குச் செய்யும் நன்மை ஆகாது என்பது புலனாகும்.

தொற்று நீங்கிய உடனே அறுவை செய்வதில் உள்ள அபாயம் கற்பனையன்று. சளியும் இருமலும் உள்ள குழந்தைக்கு மயக்க மருந்து கொடுப்பதை, கூடியமட்டில் சில வாரங்கள் தள்ளிவைப்பது மயக்க மருந்து நிபுணர்கள் நெடுங்காலமாகக் கையாண்டுவரும் வழக்கம். சுவாசக் குழாய்கள் ஒரு முறை அழற்சியுற்றால், வெளிக்கு நோய் தீர்ந்தது போலத் தோன்றிய பின்பும் சில வாரங்கள் எளிதில் சுருங்கும் தன்மையுடன் இருக்கும். கொரோனாக் கிருமியோ சுவாசக் குழாய்களோடு நிற்பதில்லை. நுரையீரலின் நுண்ணறைகளையும், இரத்தக் குழாய்களின் உட்சுவரையும் தாக்கவல்லது. அதனால் இரத்தம் உறையும் போக்கு மிகுகிறது. அறுவைச் சிகிச்சையும் தன்னளவில் உடலில் அழற்சியைத் தூண்டுகிறது. இரத்தம் உறையும் போக்கை மிகுவிக்கிறது. மயக்க நிலையில் சளி வெளியேறுவது குறைந்து நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கவும் இடமுண்டு. ஒரே வகையான இரண்டு தாக்குதல்களை அடுத்தடுத்து உடல் தாங்க வேண்டியிருப்பதே இங்குள்ள இடர்ப்பாடு.

இந்த இடர்ப்பாட்டின் அளவு 2020-ஆம் ஆண்டில் உலகுக்குத் தெரியவந்தது. அவ்வாண்டு மார்ச் மாதத்தில் திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ விஞ்ஞான, தொழில்நுணுக்க ஸ்தாபனத்தில் டாக்டர் ஒருவருக்குத் தொற்று உறுதியாயிற்று. டாக்டர்கள் பலர் தனித்திருக்க நேர்ந்தது; அவசரமல்லாத அறுவைகள் ஒத்திவைக்கப்பட்டன. ஜூலை மாதத்தில், ஸ்ரீவராகத்திற்குத் தெற்கே கடலோரத்தில் உள்ள பூந்துறையில் தொற்று சமூகப் பரவலாகிவிட்டதென்று மாநில அரசே அறிவித்தது. இந்நிலை ஒரு நகரத்துக்கு மட்டும் உரியதன்று. அவ்வாண்டில் தொற்று உச்சத்திலிருந்த 12 வாரங்களில் உலகெங்கும் சுமார் 2 கோடியே 84 லட்சம் அறுவைகள் நின்றுபோகவோ தள்ளிப்போகவோ கூடும் என்று நிபுணர்கள் மதிப்பிட்டனர்.

அறுவையை ஒட்டித் தொற்று உறுதியான 1,128 நோயாளிகளைப் பற்றி 24 நாடுகளிலிருந்து திரட்டிய விவரங்கள் 2020 மே மாதத்தில் வெளியாயின. அவர்களுள் 23.8 சதவீதத்தினர் 30 நாட்களுக்குள் இறந்தனர். பின்னர் 2021 மார்ச்சில் மேலும் விரிவான ஆய்வொன்று வெளிவந்தது. 116 நாடுகளில் 1,674 ஆஸ்பத்திரிகளில் 2020 அக்டோபரில் அறுவை செய்துகொண்ட 1,40,231 பேரை அது ஆராய்ந்தது. முன்பு தொற்று இல்லாதவர்களில் 30 நாட்களுக்குள் இறந்தோர் 1.5 சதவீதம். தொற்றுக்குப் பின் 2 வாரங்களுக்குள் அறுவை செய்துகொண்டோரில் இது 4.1 சதவீதம், 3, 4-ஆம் வாரங்களில் 3.9, 5, 6-ஆம் வாரங்களில் 3.6. ஏழு வாரங்களோ அதற்கு மேலோ பொறுத்தவர்களில் மீண்டும் 1.5 சதவீதம். "ஏழு வாரம்" என்ற சொல் பிறந்தது இவ்வாறே.

ஆனால் அதே ஆய்வில் மற்றோர் உண்மையும் உண்டு. ஏழு வாரங்களுக்குப் பின் அறுவை செய்துகொண்டவர்களிலும், இருமல், இளைப்பு முதலிய அறிகுறிகள் இன்னும் நீங்காதிருந்தவர்களில் இறப்பு 6.0 சதவீதமாயிருந்தது. அறிகுறிகள் நீங்கிவிட்டவர்களில் 2.4, அறிகுறியே காணாதவர்களில் 1.3. ஆகவே நாட்காட்டியை மட்டும் எண்ணுவதால் பயனில்லை. நோயாளியின் உடல்நிலையையே முதலில் நோக்க வேண்டும் என்பதை இந்த எண்களே உணர்த்துகின்றன. ஏழு என்ற எண் பரவிய அளவுக்கு இவ்வுண்மை பரவாமற் போனது வருந்தத்தக்கது.

மேலும் இவ்விவரங்கள் யாவும் தடுப்பூசி வருவதற்கு முந்திய காலத்தவை. பின்னர் தடுப்பூசி பரவிற்று. கிருமியும் ஒமிக்ரான் முதலிய புதிய வகைகளாக மாறிற்று. பெரும்பாலோருக்கு ஏதோ ஒரு வகையில் எதிர்ப்புச் சக்தி ஏற்பட்டுவிட்டது. அதற்கேற்ப, அமெரிக்க மயக்க மருந்து நிபுணர் சங்கம் 2023-இல் தன் பரிந்துரையைத் திருத்தியமைத்தது. அவசரமல்லாத அறுவையை 2 வாரங்களுக்குள் செய்யலாகாது. 2 முதல் 7 வாரம் வரையுள்ள இடைக்காலத்தில், நோயாளியின் நிலையையும் அறுவையின் தன்மையையும் தனித்தனியே சீர்தூக்கி முடிவு செய்ய வேண்டும் என்பதே அதன் சாரம். முன்பு ஏழு வாரம் என்றவர்களும் தவறு செய்யவில்லை. இன்று குறைத்துச் சொல்பவர்களும் அவசரப்படவில்லை. நிலைமை மாறியது, விடையும் மாறியது.

காலம் தாழ்த்துவதற்கும் ஒரு விலை உண்டு என்பதை மறத்தலாகாது. புற்றுநோய்க்கான அறுவை நான்கு வாரம் தாமதமானால் இறப்பு அபாயம் 6 முதல் 8 சதவீதம் வரை கூடுகிறது என்று 2020-இல் வெளியான ஆராய்ச்சித் தொகுப்பு ஒன்று காட்டிற்று. திருவனந்தபுரத்தில் 1981-இல் நிறுவப்பெற்ற வட்டாரப் புற்றுநோய் மையத்தை நாடி வருவோரிடம் ஏழு வாரம் கழித்து வரச் சொல்வது, குடலிறக்க நோயாளியிடம் சொல்வதற்கு ஒப்பானதன்று. அவசர அறுவைக்கோ, எக்காலத்திலும் இக்கணக்கு பொருந்தாது. குடல் அழுகும் நிலையிலுள்ளவரைத் தொற்றின் பெயரால் காக்க வைப்பது எவ்விதத்திலும் தகாது.

இன்று வேறொரு சிக்கலும் தோன்றியுள்ளது. உலக சுகாதார ஸ்தாபனம் 2023 மே 5-ஆம் தேதியன்று சர்வதேச அவசர நிலையை முடிவுக்குக் கொண்டுவந்த பின், காய்ச்சல் கண்டவர்களில் சோதனை செய்துகொள்வோர் மிகக் குறைந்துவிட்டனர். தொற்றோ ஒழிந்துவிடவில்லை, அவ்வாண்டு டிசம்பரில் ஜே.என்.1 என்ற புதிய வகை திருவனந்தபுரம் மாவட்டத்திலேயே கண்டறியப்பட்டது. சோதனை இல்லையேல் தொற்றிய நாள் தெரியாது. நாள் தெரியாவிடில் வாரங்களை எங்கிருந்து எண்ணுவது? இதற்கு மேலும் ஒன்று: அறுவை தள்ளிப்போகும் என்ற அச்சத்தால், சென்ற வாரம் வந்த காய்ச்சலை நோயாளியும் வீட்டாரும் சொல்லாது மறைப்பது மனித இயல்பு. விடுப்பு எடுத்தாகிவிட்டது, வெளியூரிலிருந்து மகன் வந்துவிட்டான், பணமும் புரட்டியாகிவிட்டது என்னும் நிலையில், ஏழு வாரம் என்ற கண்டிப்பான விதி உண்மையைச் சொல்பவனையே தண்டிப்பதாகிறது.

ஆகையால் செய்யத்தக்கவை சில. அறுவைக்குமுன் நோயாளியை ஆராயும் போது, "கொரோனா வந்ததா?" என்று மட்டும் கேளாமல், சென்ற இரண்டு மாதங்களில் காய்ச்சல், இருமல், இளைப்பு ஏதேனும் உண்டா என்று கேட்டு, தொடங்கிய தேதியுடன் சீட்டில் குறித்தல் வேண்டும். இரண்டு மாடிப் படிகளை மூச்சு வாங்காமல் முன்போல் ஏற முடிகிறதா என்ற கேள்விக்கு எந்தக் கருவியும் வேண்டியதில்லை. ஸ்ரீவராகத்துக் கோயிற் குளத்தின் படிகளில் நாள்தோறும் இறங்கி ஏறுபவர் அதற்குத் தாமே விடை கூறுவார். எல்லாவற்றிற்கும் மேலாக, அறுவையை ஒத்திவைக்கும் போது, அடுத்த நாளை அங்கேயே குறித்துக் கொடுத்தல் வேண்டும். "பிறகு வாருங்கள்" என்று வெறுங்கையோடு அனுப்புவதே மறைத்தலுக்கு வித்திடுகிறது. தன் முறை பறிபோகாது என்று தெரிந்தால் நோயாளி உண்மையை மறைக்க மாட்டார். 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி மக்களில் 12.6 சதவீதத்தினர் 60 வயதைக் கடந்தவர்களாயுள்ள கேரளத்தில் இந்த ஏற்பாட்டின் அவசியம் இன்னும் அதிகம்.

ஸ்ரீவராகத்து முதியவருக்கு என்ன விடை? வயதும் நீரிழிவும் உள்ளன. குடலிறக்கமோ இப்போது வலியின்றி எளிதில் உள்ளே செல்கிறது. அவர் பொறுப்பதே நலம். இளைப்பு முற்றும் நீங்கி நடையில் பழைய தெம்பு வரும்வரை, வேண்டுமாயின் ஏழு வாரமும் பொறுக்கலாம். ஆயின் வீக்கம் கெட்டிப்பட்டு உள்ளே செல்ல மறுத்து, வலியும் வாந்தியும் கண்டால், அன்றே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டுமென்பதையும் அவர் கையில் எழுதிக் கொடுத்தல் வேண்டும். அதே தெருவில் புற்றுநோய் அறுவைக்குக் காத்திருக்கும், உடல்வலிமை மிக்க நாற்பது வயது மாதுக்கு இந்த விடை பொருந்தாது. மூன்றாம் வாரத்திலேயே அவருக்கு அறுவை செய்வது நியாயமாகலாம். இருவருக்கும் ஒரே எண்ணைக் கூறும் விதி, பார்வைக்கு நேர்மையானது, பயனில் அவ்வாறன்று.