மாப்பிள்ளை பிடுங்கிய பிளக்

கனடாவில், ஒட்டாவாவில் மகள் வீட்டில் இருக்கிறேன். குளிர்நாட்டில் குடியிருக்கும் பிள்ளைகள் இதைக் கட்டாயம் படியுங்கள்.

இங்கே கார் நிறுத்தும் அறை வழியாகத் தண்ணீர்க் குழாய் போகிறது. அது உறையாமல் இருக்க, சூடேற்றும் மின்கம்பி ஒன்றை ஒட்டி வைத்திருக்கிறார்கள். போன வாரம் ஒருநாள் நல்ல வெயில். கரண்ட் பில் ஏறுகிறதே என்று மாப்பிள்ளை பிளக்கைப் பிடுங்கினார். திரும்பச் சொருக மறந்துவிட்டார். மறுநாள் இரவு மைனஸ் 22 டிகிரி. காலையில் தண்ணீர் வரவில்லை. மத்தியானம் பனி இளகியதும் குழாயின் வெடிப்பிலிருந்து பீய்ச்சி அடித்தது.

வகுப்பில் படித்ததுதான். தண்ணீர் உறைந்தால் பருமன் சுமார் 9 சதவீதம் கூடும். பனிக்கட்டிக்கும் மூடிய குழாய்க்கும் நடுவே சிக்கிய தண்ணீரின் அழுத்தம் செம்பையும் கிழித்துவிடும்.

"இனிமேல் எப்பவும் போட்டே வெச்சிடலாம் மாமா, இது தானே கட்டுப்படுத்திக்கிற கம்பிதானே" என்றார். அந்தப் பெயர்தான் ஏமாற்றுகிறது. உள்ளே இரண்டு கம்பிகளுக்கு நடுவில் கரித்தூள் கலந்த பிளாஸ்டிக் இருக்கிறது. சூடேறினால் அதன் மின்தடை கூடும், மின்சாரம் குறையும். குறையுமே தவிர நிற்காது. கோடையிலும் மீட்டர் ஓடும்.

என் கருத்து இதுதான்: இந்த வேலையை நம் ஞாபகத்திடமும் விடக்கூடாது, கம்பியிடமும் விடக்கூடாது. ஒரு தெர்மோஸ்டாட் வையுங்கள். குழாய் 3 முதல் 5 டிகிரிக்கு இறங்கினால் அது கம்பியைப் போடட்டும், ஏறினால் அணைக்கட்டும். குழாய் உறையாமல் இருந்தால் போதும், குளிக்கிற சூடு வேண்டாம். அதன் சென்சார் கம்பியைத் தொடக்கூடாது. தொட்டால் கம்பியின் சூட்டைக் குழாயின் சூடு என்று நம்பி, சீக்கிரமே அணைத்துவிடும். கம்பிக்கு எதிர்ப்பக்கம், அதிகம் குளிரும் இடத்தில், மேலே சுற்றும் உறைக்கு உள்ளே அதை வையுங்கள். மின்கசிவு வந்தால் துண்டிக்கும் பிரேக்கரும் அவசியம். எலக்ட்ரீஷியனை வைத்தே செய்யுங்கள்.

பெட்டி வைத்தாயிற்று என்று தூங்கிவிடவும் கூடாது. குளிர் தொடங்கும் முன் வருடம் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். கரண்ட் போனால் எந்தக் கம்பியும் காப்பாற்றாது. தண்ணீரை வடித்துவிடுவதே வழி.

மாப்பிள்ளை மேல் எனக்குக் கோபமில்லை. மறப்பது மனித இயல்பு. மறந்தாலும் கெடாதபடி ஏற்பாடு செய்துகொள்வதுதான் படித்ததன் பயன்.

அன்புடன்,
உங்கள் சயின்ஸ் வாத்தியார்