சளிக்கு அவசரம் வேண்டாம்!

குழந்தைக்குச் சளி பிடித்துவிட்டால் வீடே கலங்கிப்போகிறது.

"போன மாதம்தானே டாக்டரிடம் காட்டினோம்? அதற்குள் மறுபடியுமா?" என்கிறாள் தாய். "பிள்ளைக்கு உடம்பில் பலம் இல்லை" என்கிறாள் பாட்டி. தகப்பனார் மருந்துக் கடைக்கு ஓடுகிறார். ஒரு பாட்டிலோடு திரும்புகிறார்.

இந்த அவசரம்தான் ஆபத்து.

ஆண்டுக்கு எத்தனை முறை?

நல்ல ஆரோக்கியமான சிறு குழந்தைக்கே ஆண்டுக்கு 6 முதல் 8 முறை சளி பிடிக்கும். இது பலவீனம் அல்ல.

சளியை உண்டாக்குவது வைரஸ் கிருமி. 'ரைனோ வைரஸ்' என்ற ஒரு குடும்பத்தில் மட்டும் 100-க்கு மேற்பட்ட வகைகள் உண்டு. குழந்தையின் உடம்பு ஒவ்வொன்றாக அவற்றைச் சந்திக்கிறது. அப்படிச் சந்தித்துத்தான் எதிர்ப்புச் சக்தி வளர்கிறது.

அதனால்தான் பள்ளிக்குப் போகத் தொடங்கும் ஆண்டில் சளி அடிக்கடி வருகிறது. ஒரு பிள்ளை தும்மினால் பக்கத்துப் பிள்ளைக்கு ஒட்டும். அது வீட்டுக்கு வந்து தம்பிக்கும் தங்கைக்கும் கொடுக்கும். மழைக் காலத்தில் சன்னலைச் சாத்திக்கொண்டு எல்லோரும் ஒரே அறையில் முடங்கும்போது இன்னும் சுலபமாகப் பரவும்.

தானே போய்விடும்

சளி 7 முதல் 10 நாளில் தானே அடங்கும். இருமல் 2, 3 வாரம்கூட நிற்கலாம்.

'ஆன்டிபயாட்டிக்' மருந்து வைரஸைக் கொல்லாது. வீணாகக் கொடுத்தால் வயிற்றுப்போக்கு வரலாம். பாக்டீரியாக் கிருமிகள் அந்த மருந்துக்குப் பழகிவிடும். உண்மையிலேயே தேவைப்படும் நாளில் மருந்து வேலை செய்யாது.

பாட்டிலில் வந்த எமன்

2025-ல் மத்தியப் பிரதேசத்தில், சிந்த்வாரா மாவட்டத்தில், இருமல் மருந்து குடித்த குழந்தைகள் சிறுநீரகம் கெட்டு இறந்தார்கள். இறந்தவர்கள் 20-க்கும் அதிகம். மருந்தில் 'டை எத்திலீன் கிளைக்கால்' என்ற நஞ்சு கலந்திருந்தது. அது தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில்!

கலப்படம் செய்தவர்களின் குற்றம் பெரிது. ஆனால் சாதாரணச் சளிக்கு அந்த மருந்தே தேவையா? 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குச் சளி, இருமல் மருந்து கொடுக்க வேண்டாம் என்று அதே ஆண்டில் மத்திய சுகாதாரத் துறை அறிவுறுத்தியது. 5 வயதுக்குள்ளும் பொதுவாக வேண்டாம் என்றது.

எப்போது ஓட வேண்டும்?

குழந்தை அமைதியாக இருக்கும்போது, ஒரு நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு விடுகிறது என்று எண்ணுங்கள். 1 முதல் 5 வயது வரை 40-ம் அதற்கு மேலும், 2 மாதம் முதல் 1 வயது வரை 50-ம் அதற்கு மேலும், 2 மாதத்துக்குள் 60-ம் அதற்கு மேலும் இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலும், உதடு நீலம் பாரித்தாலும், பால் குடிக்க மறுத்தாலும் தாமதிக்கக் கூடாது.

5 முதல் 15 வயதுப் பிள்ளைக்கு, மூக்கு ஒழுகாமல் காய்ச்சலும் கடும் தொண்டை வலியும் வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். ஒருவகைத் தொண்டைக் கிருமியைக் கவனிக்காமல் விட்டால் பின்னால் இருதய வால்வைக் கெடுக்கும். அதற்கு ஆன்டிபயாட்டிக் தேவை. டாக்டர் சொன்ன நாள் வரை நிறுத்தாமல் கொடுக்கவேண்டும்.

மற்றச் சளிக்கு? தாய்ப்பால், இளஞ்சூடான கஞ்சி, நல்ல ஓய்வு. 1 வயது தாண்டிய பிள்ளைக்கு இருமினால் சிறிது தேன். வீட்டில் எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவவேண்டும்.

போன தடவை மிஞ்சிய மருந்து அலமாரியில் இருக்கிறதா? இன்றே அப்புறப்படுத்துங்கள்!